தொடாமலே போன சூடு

ஒத்தக்கடையில் பஸ் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்த அந்த ஆராய்ச்சி மாணவி, கொண்டையில் பேனாவைச் செருகியிருந்தாள். செல்போனில் ஏதோ கோட்டுப் படத்தைப் பார்த்துப் பார்த்துத் தனியாகச் சிரித்தாள். என்னவென்று கேட்டேன்.

"ரெண்டு கம்பிக்கா. முடியைவிட ஆயிரம் மடங்கு மெல்லிசு. ஒண்ணுலருந்து இன்னொண்ணுக்குக் கரண்ட் போக வழியே இல்ல. ஆனா இதுல எலெக்ட்ரான் அசைஞ்சா, தொடாமலே அதுல உள்ளதும் அசையுது. அப்படியே சூடு மட்டும் அங்க போயிருது. மூணு வருசமா அளக்க முடியல. இன்னிக்குக் காலைல அளந்துட்டேன்."

"வீட்டுல சொல்லிட்டியாம்மா?"

"யாரும் போனை எடுக்கலக்கா. எங்க சாரும் ஊர்ல இல்ல. இப்போதைக்கு இது தெரிஞ்சது எனக்கும் உங்களுக்குந்தான்."

எனக்குப் பாதிகூடப் புரியவில்லை. ஆனாலும் தலைகால் தெரியாத சந்தோஷத்தில் நான் இறங்க வேண்டிய மாட்டுத்தாவணியைத் தாண்டிவிட்டேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிச் சிரித்துக்கொண்டே திரும்பி நடக்கும்போதுதான், அவள் பெயரைக் கேட்காதது உறைத்தது.