ஒத்தப் பிள்ளை

எனக்கு ஒன்பது வயதில் பெரியம்மை வார்த்தது. பிழைத்து எழுந்தபோது எங்கள் கீழப்பாவூர் வீட்டில் கூடத்துச் சுவரில் தொங்கிய கண்ணாடியைக் காணவில்லை. ஆணி மட்டும் இருந்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை. தெருவில் என்னைக் கண்டதும் தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள். பல்லாங்குழியில் இரண்டு பக்கமும் நானே ஆடினேன். ஜெயிப்பதும் நான்தான் என்றாலும் அதில் ஒரு சந்தோஷமும் இல்லை.

அடுத்த வருஷம் ஆடிச் சாரலுக்குக் குற்றாலத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தார் அப்பா. அருவியில் குளிக்க என்றுதான் ஊரில் சொல்லியிருந்தோம். உண்மையில் அக்காவைப் பெண் பார்க்க வீரகேரளம்புதூர்க்காரர்கள் அங்கே வருவதாக ஏற்பாடு. சம்பந்தம் தட்டிப்போனாலும், குளிக்கத்தானே போனோம் என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா?

அன்று காலையில் அம்மா என்னைக் கடைசி அறைக்குக் கூட்டிப்போனாள். "அவங்க போறது வரைக்கும் வெளிய வரப்படாது, என்ன? நீ நல்ல பிள்ளைல்லா" என்றாள். என் முகத்தைப் பார்க்காமலே கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

அவசரத்தில் அந்த அறையை யாரும் சரியாகப் பார்க்கவில்லை. மூலையில், வீட்டுக்காரர்கள் விட்டுப்போன ஆளுயர நிலைக்கண்ணாடி ஒன்று நின்றது.

பத்து மாதமாக நான் பார்க்காத முகம். முதலில் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்தேன். மணலில் தூறல் விழுந்தாற்போல் கன்னமெல்லாம் குழிகள். இடது புருவத்தில் பாதி இல்லை. அழுதேன். கண்ணாடிக்குள் இருந்தவளும் அழுதாள். அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நாக்கை நீட்டினேன், அவளும் நீட்டினாள். மூக்கு பழைய மூக்குதான். சிரித்தால் தெரிகிற தெற்றுப்பல்லும் அதே இடத்தில் இருந்தது. ராட்சசி போல் ஆகியிருப்பேன் என்று அத்தனை நாளும் பயந்திருந்தேன். அங்கே நின்றது நான்தான். குழிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். ஒன்றும் வலிக்கவில்லை.

அப்போது கூடத்தில் மாப்பிள்ளையின் தாயார் கேட்பது காதில் விழுந்தது. "உங்களுக்கு இந்த ஒரு பொம்பளைப் பிள்ளைதானா?"

அப்பாவின் குரல் பதில் சொன்னது. "ஆமா. ஒத்தப் பிள்ளைதான்."

கண்ணாடியைப் பார்த்தேன். அவளுக்கும் அது கேட்டிருந்தது. அதுவரை வந்த அழுகை எங்கே போயிற்றோ தெரியவில்லை. கதவைத் திறந்து நேரே கூடத்துக்கு நடந்தேன்.

"நான் இளையவ. எனக்கு அம்மை வாத்திருந்துது" என்று சொல்லிவிட்டு அக்காவின் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தேன்.

அப்பா தரையைப் பார்த்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முதலில் அசைந்தது எங்களோடு வந்திருந்த அத்தைதான். "ஏட்டி, எந்திரி. உள்ள போ" என்று என் வலது தோளைப் பிடித்துத் தூக்கினாள். என்னால் எழுந்திருக்க முடியவில்லை. தலை குனிந்தபடி உட்கார்ந்திருந்த அக்கா, என் இடது மணிக்கட்டைச் சேலை மடிப்புக்குள் இறுக்கிப் பிடித்திருந்தாள். அத்தை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

வீரகேரளம்புதூரிலிருந்து அப்புறம் தகவல் வரவில்லை. அப்பா பல நாள் என்னிடம் பேசவில்லை. ஊருக்குத் திரும்பியதும் அம்மாவிடம் கண்ணாடியைக் கேட்டேன். அவள் நெற்குதிருக்குப் பின்னாலிருந்து எடுத்துவந்து, துடைத்து, பழைய ஆணியிலேயே மாட்டினாள். தினமும் அதன் முன் நின்றுதான் தலை வாரிக்கொண்டேன்.

என் மணிக்கட்டில் அக்காவின் நாலு விரல் தடமும் இரண்டு நாள் சிவந்து கிடந்தது. வருகிற கல்யாணத்தைக் கெடுத்துவிட்டேனே, அந்தக் கோபத்தில்தான் அவள் அப்படிப் பிடித்தாள் என்று அப்போது தப்பாக எண்ணி, அந்த இரண்டு நாளும் அவள் கண்ணில் படாமல் ஒளிந்து திரிந்தேன்.