ஒரு சாண் தள்ளிய கப்பி

கானா நாட்டுக் குமாசி நகரில் ஒரு தொழிற்கல்லூரியில் பதினெட்டு வருஷமாக அம்பொன்சா நடத்திய பாடம் ஒன்றேதான்: சுழலும் ஷாஃப்ட்டில் முறுக்கமும் வளைவும் சேர்ந்தால் இரும்புக்குள் எழும் முதன்மைத் தகைவு, அதாவது அதை ஒடிக்கப் பார்க்கும் இழுப்பின் அளவு, எவ்வளவு? அந்தக் கணக்கைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவார். வினையும் அங்கேதான் வந்தது.

கென்கே என்ற புளித்த சோள உருண்டை விற்கும் பெண்கள் சேர்ந்து ஒரு சோள மில் வைத்தார்கள். ஷாஃப்ட் கணக்கு அவருடையது. பழைய லாரி அச்சிலிருந்து அதைக் கடைந்து கொடுத்தவன் லேத்துக்கார டான்சோ. எஞ்சின் புகை கண்ணைக் கரிக்கிறது என்று பெண்கள் முறையிட்டதும், "எஞ்சினை வெளிய தள்ளு, பெல்ட் கப்பியையும் ஒரு சாண் தள்ளி மாட்டு" என்று டான்சோவிடம் சொன்னார் அம்பொன்சா. தாங்கும் பேரிங்கை விட்டு அவ்வளவு தள்ளினால் பெல்ட்டின் இழுப்பில் ஷாஃப்ட் வளையும். மனுஷன் மறுபடி கணக்குப் பார்க்கவில்லை.

ஆறாம் வாரம் ஷாஃப்ட் ஒடிந்தது. ஊறவைத்த சோளம் அத்தனையும் பாழ்.

"இரும்பு சரியில்ல. பழைய அச்சுதானே!" என்றார், எல்லோர் முன்னாலும். டான்சோ வாயே திறக்காமல் வேறு ஷாஃப்ட் மாட்டிவிட்டுப் போனான். மில் தலைவி செர்வா அவனைக் கண்டால் விடமாட்டாள். "இதோ வர்றாரு உளுத்த இரும்பு!" பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. அவன் பட்டறைக்கு வேலை வருவதும் குறைந்தது.

மூன்று மாதம் கழித்து வகுப்பில், உதாரணத்துக்கு அந்த ஷாஃப்ட்டையே கரும்பலகையில் வரைந்தார். முறுக்கம் மட்டும் என்றால் தகைவு நாற்பது மெகாபாஸ்கல். ஒரு சாண் தள்ளிய கப்பியால் வரும் வளைவையும் சேர்த்தார். இருநூறைத் தாண்டியது; ஓயாமல் சுழலும் ஷாஃப்ட் அதை வெகுநாள் தாங்காது. சாக்பீஸ் அப்படியே நின்றது.

"கப்பியை அங்க வச்ச மடையன் யாரு சார்?" என்றாள் ஒருத்தி. வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்துவைத்தார். காது மடல் எரிந்தது.

அன்று மாலையே மில்லுக்கு ஓடினார். கப்பிக்கு அந்தப் பக்கம் புதிதாக இன்னொரு பேரிங், ஷாஃப்ட்டைத் தாங்கிக்கொண்டு நின்றது. டான்சோ அதற்குக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தான்.

"இதை எப்பப்பா போட்டே?"

"ஒடிஞ்ச அன்னிக்கே சார்."

"தெரிஞ்சுமா பேசாம இருந்தே?"

"அத்தனை பேர் முன்னால உங்களை எப்படி சார் சொல்றது?"

அம்பொன்சாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அதற்குள் செர்வா வந்து, "என்ன, உளுத்த இரும்பு..." என்று ஆரம்பித்தாள்.

"அவனைச் சொல்லாதம்மா. இரும்பு நல்ல இரும்பு. தப்பு என் கணக்குல. இன்னிக்குத்தான் பார்த்தேன்."

செர்வா இடுப்பில் கைவைத்து அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்ப அன்னிக்கு, பார்க்காமலேயா சார் அவன் மேல பழி போட்டீங்க?"

டான்சோ நிமிரவில்லை. கிரீஸ் டப்பாவை மூடிக்கொண்டிருந்தான்.