பிளாக்கு எங்கே?

சாவோ பாலோவில் ஒரு மெட்ரோ நிலைய வாசலில் நானும் மனைவியும் வழி தெரியாமல் நிற்கிறோம். பிரேசிலில் வேலை பார்க்கும் மகளிடம் வந்து இரண்டு நாள்தான் ஆகிறது. முப்பது வருஷம் நெய்வேலி டவுன்ஷிப்பில் இருந்தவனுக்கு வழி கேட்டு வீடு சேரத் தெரியாதா என்று அவளிடம் சவடால் விட்டுக் கிளம்பியவன் நான்.

தெருவில் ஜப்பான் முகம், ஆப்பிரிக்க முகம், இத்தாலிய மூக்கு எல்லாம் ஒரே பாஷையில் சத்தம் போடுகின்றன. அதில் எனக்கு நன்றி மட்டும்தான் சொல்லத் தெரியும்.

"தெரு பேரு இன்னாங்க?" என்கிறாள் மனைவி.

"பி பிளாக்கு."

"அது தெரு பேரா?"

நெய்வேலியில் பிளாக் சொன்னால் போதும், ஆட்டோக்காரர் வாசலில் இறக்கிவிடுவார். அதனால் மகள் குடியிருப்பிலும் அவளுடைய பிளாக்குக்கு மேல் எதையும் நான் மனப்பாடம் செய்யவில்லை. சோளம் அவித்து விற்கும் பெண்ணிடம் போய், "பிளாக்கு?" என்று கேட்கிறேன்.

"ப்ளோக்கு!"

அவள் முகம் மலர்கிறது. என் இரண்டு கன்னத்திலும் ஜிகினாப் பொடியைப் பூசிவிட்டு, அடுத்த திருப்பத்தைக் காட்டுகிறாள்.

"பாத்தியா? நம்ம வார்த்தையேதான்" என்றபடி திரும்புகிறேன். தெருவை அடைத்துக்கொண்டு மேளமும் ஆட்டமும். கூட்டம் என்னை உள்ளே இழுத்துக்கொள்கிறது.

மனைவியின் போனில் மகள் கூப்பிடுகிறாள். "என்னம்மா மேளச் சத்தம்?"

"ஒங்கப்பா பிளாக்கு கேட்டாரு, இங்க அனுப்பிட்டாங்க."

"ஐயோ, இங்க ப்ளோக்குன்னா கார்னிவலுக்குத் தெருவுல ஆடுற கூட்டம்மா! அப்பா எங்க?"

மனைவி என்னை ஏற இறங்கப் பார்க்கிறாள்.

"பிளாக்குலதான். ஆடிக்கினு இருக்காரு."