மாமாவின் முதல் ஆல்பமும் பச்சைப் பெட்டியும்

கோல சிலாங்கூர் பக்கம் எங்கள் தோட்டத்தில் யார் புது லோரி வாங்கினாலும் முதலில் மாரியம்மன் கோயிலுக்குத்தான் வரும். சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுங்கிய பிறகுதான் ரோட்டில் ஓடும். ஆகவே சுங்கை சோ ஸ்டுடியோவிலிருந்து மாமாவின் முதல் ஆல்பம் சிடியாக வந்ததும், கோயில் ஒலிபெருக்கியில்தான் முதலில் போடவேண்டும் என்று அம்மா பிடிவாதம் பிடித்தாள். எலுமிச்சம்பழத்தை எங்கே வைப்பது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக்குலை ஏற்றும் லோரி ஓட்டுவார். மற்ற நேரமெல்லாம் கித்தாரில் புளூஸ் வாசிப்பார். புளூஸ் என்றால் என்ன என்று கேட்டால், மனசில் கிடப்பதை அப்படியே பாடுவது என்பார்.

"வேணாங்க்கா, இது கோயில்ல போடுற பாட்டு இல்லலா."

"போடா, நீ பாடுனத ஆத்தா கேக்கக் கூடாதா?"

முதல் பாட்டுக்கு எல்லோரும் கை தட்டினார்கள். இரண்டாவதில் மாமாவின் குரல் எழுந்தது.

"எங்கக்கா கட்டிலுக்கடியில பச்சைப் பெட்டி,
எங்கக்கா கட்டிலுக்கடியில பச்சைப் பெட்டி,
மழை விட்டாக் கெளம்பிரும், மடிச்சு வச்சிருக்கு ஏழு சேலை."

நான் துள்ளிக் குதித்தேன். அது நான் சொன்ன சேதியாயிற்றே! அம்மா பெட்டியில் துணி அடுக்கி ஒளித்து வைப்பதை, ஒரு கிண்ணம் ஐஸ் கச்சாங்குக்காக மாமாவிடம் உளறியவள் நானேதான். பெருமையோடு அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். முகத்தில் ரத்தமே இல்லை. எல்லார் கண்ணும் அப்பா மேல். மாமா ஓடிப்போய் ஒயரைப் பிடுங்குவதற்குள் லயத்து வீடுகள் முழுக்கக் கேட்டுவிட்டது.

அப்பா அம்மாவை அடித்ததில்லை. பல மாதங்களாகப் பேசியதுமில்லை. "ஒங்கம்மாவச் சோறு போடச் சொல்லு" என்று என்னிடம்தான் சொல்வார், பக்கத்திலேயே அம்மா நின்றாலும். அதை ஒரு விளையாட்டு என்றே நினைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா பெட்டியை இழுத்துத் திறந்தார். ஏழு சேலை, என் பள்ளி உடுப்பு, இரண்டு பாவாடை, என் பிறப்புப் பத்திரம்.

"நெசமாவே போறியா?" என்று அம்மாவைப் பார்த்தே கேட்டார். அம்மா கலைந்த சேலைகளை மறுபடி அடுக்கினாள்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. "அப்பா சட்ட ஒண்ணுகூட இல்லையேம்மா, மறந்துட்டீங்களா?" என்று ஓடிப்போய்க் கொடியில் கிடந்த நீலச் சட்டையை எடுத்து வந்து பெட்டியில் வைத்தேன்.

அம்மா அதை வெளியே எடுத்தாள். அழகாக மடித்துக் கட்டில்மேல் வைத்தாள்.

பெட்டியில் இடம் போதவில்லை போலிருக்கிறது என்று, என் பாவாடை ஒன்றை எடுத்துவிட்டு, மறுபடியும் சட்டையை உள்ளே வைத்தேன்.