417-ஆம் பிளேட்டில் விழுந்த கை

அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். யார் எங்கே இருந்தார்கள் என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பிறகு என்னைப் பொய்யன் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

பெரிய டாக்டர் துரை, ஈயத் தகடு அடித்த மறைப்புக்குப் பின்னால், நாற்காலியில். டாக்டருக்கு அடுத்த அதிகாரமுள்ள தலைமை டிரெஸ்ஸர் பழனியப்பன், கதவை ஒட்டிய முக்காலியில். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் நல்லம்மாள், மேசை முன்னால், வீங்கிய இடது கையை எக்ஸ்ரே பிளேட்டின்மேல் வைத்தபடி. இராமலிங்கமாகிய நான், ஆறடி தள்ளி, சுவிட்சுப் பக்கம். கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது.

1927, ஆகஸ்டு 9, செவ்வாய்க்கிழமை. பிற்பகல் 2.40. மலாயாவில், கிள்ளானில் ஓர் ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். வெளியே வெயில் கொளுத்தியது. பேய் வருகிற நேரமே இல்லை. ஆனாலும் நடந்தது.

நான் ரவாங்கில் ஐந்தாவது வரை படித்தவன். இரண்டு வருடம் வார்டில் வாளி தூக்கினேன். அதன்பின் ஆறு வருடம் எக்ஸ்ரே அறை. அந்த மெஷினின் இருமலைக் கேட்டே அதன் நோயைச் சொல்லிவிடுவேன். ஆனால் அடுத்த ஜனவரியிலிருந்து சர்ட்டிபிகேட் இல்லாதவன் மெஷினைத் தொடக்கூடாது என்று உத்தரவு வந்துவிட்டது. அன்றைக்கு எனக்கு அந்தத் தேர்வு. ஒரே ஒரு பிளேட்டு. நன்றாக விழுந்தால் சர்ட்டிபிகேட். இல்லையென்றால் மறுபடி வாளி.

புதுப் பெட்டியின் முத்திரையை இருட்டறையில் உடைத்துப் பிளேட்டை எடுத்துக் கொடுத்தவர் பழனியப்பன். இதை மறந்துவிடாதீர்கள். பிளேட்டின் ஓரத்தில் ஈய எண்களை வைத்தேன். 417. நல்லம்மாளின் முழங்கைப் பக்கம் மணல் பையும் வைத்தேன். அப்படியும் அவள் விரல்கள் நடுங்கின.

“ஆடாம வையுங்கக்கா.”

“நான் எங்கய்யா ஆட்டுறேன்? அதுவா ஆடுது.”

பழனியப்பன் சிரித்தார். “போச்சுலா! பிளேட்டு பூரா புகைதான் விழப்போகுது. வாளியைக் கழுவி வை தம்பி.”

ஆறு விநாடி கை அசையக்கூடாது. சுவிட்சைப் போட்டேன். மெஷின் குழாய் பச்சையாக ஒளிர்ந்தது. ‘கிர்ர்ர்...’ இடி விழுந்த இடத்து வாசனை. ஒன்று... இரண்டு...

மூன்றாவது விநாடிக்கு முன்பே அவள் கை நின்றுவிட்டது. ஆணி அடித்ததுபோல.

சுவிட்சை அணைத்தேன். அவள் தன் வலப்பக்கம் திரும்பினாள். அங்கே வெறும் சுவர்.

“அவரு கை ரொம்பச் சில்லுன்னு இருந்துச்சுய்யா.”

“யார் கை?”

“ஆடாம பிடிச்சுக்கிட்டாரே... இப்ப இங்கதானே நின்னாரு...”

துரை மறைப்புக்குப் பின்னால். பழனியப்பன் முக்காலியில். நான் ஆறடி தள்ளி.

2.51. இருட்டறை. சிவப்பு விளக்கு. பழனியப்பன் என் தோளுக்குப் பின்னால் நின்றார். பிளேட்டு கிடந்த மருந்துத் தட்டை மெல்ல ஆட்டினேன். சளக்... சளக்...

நல்லம்மாளின் எலும்புகள் வந்தன. மணிக்கட்டில் முறிவு, மயிரிழையாக. துளிகூட அசைவில்லை.

பிறகு...

மணிக்கட்டைச் சுற்றி இன்னொரு கை வந்தது.

கட்டைவிரல். மோதிரவிரல். சுண்டுவிரல்.

மற்ற இரண்டும் முதல் கணுவோடு நின்றுவிட்டன.

சளக்...

பழனியப்பன் பின்னால் நகர்ந்து சுவரில் முட்டிக்கொண்டார்.

வெளியே வந்ததும் அவருக்குத் தைரியம் வந்துவிட்டது. “பழைய பிளேட்டுல மறுபடி எடுத்திருக்கான், துரை” என்றார். நான் விடவில்லை. இரண்டு முறை எடுத்த பிளேட்டில் முதல் கையின்மேல் இரண்டாம் வெளிச்சம் படும். இரண்டு கையும் கருத்துப்போகும். இதில் இரண்டும் வெள்ளை வெளேர். எண்ணும் ஒருமுறைதான் விழுந்திருக்கிறது. பெட்டியை உடைத்தவனும் நானில்லை.

“அப்ப பேய்னு எழுதப் போறியா? பேய்க்கு ஏதுடா எலும்பு?” என்றார் பழனியப்பன்.

“செத்தவனுக்கு அது ஒண்ணுதாங்க மிச்சம்” என்றேன். “இங்க இருக்கிற எல்லாரும் கையைக் காட்டுங்க. விரலை எண்ணிப் பார்ப்போம்.”

துரை பிளேட்டை வாங்கித் தேர்வுக் குழுவுக்கு அனுப்பிவிட்டார்.

மூன்றாம் நாள் தேர்வுக் குழுவிலிருந்து கடிதம் வந்தது. பழைய பிளேட்டைத் தவறுதலாகப் பயன்படுத்தினேன் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் ஆறு மாதத்தில் மறுதேர்வு. மறுத்தால் எக்ஸ்ரே அறை கிடையாது. அறையில் யார் யார், எங்கே இருந்தார்கள் என்பதையும் எழுதி அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

கடிதத்தோடு ஸ்டோருக்குப் போனேன். பழைய சாமான் கணக்கு, ஆள் கணக்கு எல்லாம் தாவூத் அண்ணன் கையில். மூன்று விரல் என்றதுமே கையிலிருந்த தேத்தண்ணியை வைத்துவிட்டார்.

“அய்யாவுலா அது! மெஷின் வந்த நாள்ல இருந்து இருந்தவரு. அப்பல்லாம் மணல் பை ஏது? நோயாளி கை ஆடினா அவரே பிடிச்சுக்குவாரு. கையுறை கிறை ஒண்ணும் கிடையாது. வெளிச்சம் பட்டு விரல் வெந்து வெந்து... ரெண்டை வெட்டினாங்க. அப்புறமும் பிடிச்சாரு.”

“இப்ப எங்க இருக்காரு?”

“நீ வேலைக்கு வர்றதுக்கு ஒரு வருஷம் முந்தியே மௌத்து.”

பழைய பதிவேட்டைப் புரட்டிக் காட்டினார். அய்யாவு. பதினோரு வருட வேலை. தொழில் என்ற இடத்தில் ‘கூலி’. சர்ட்டிபிகேட் என்ற இடத்தில் ஒரு கோடு.

இறந்த தேதி: 1918, ஆகஸ்டு 9. பிற்பகல் 2.40.

அன்று மாலையே பதில் எழுத உட்கார்ந்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: வாளி கண்முன் வந்தது, பேனா நடுங்கியது. அந்த ஒரு வரியை எழுத எவ்வளவு நேரம் ஆகும்? எழுதவில்லை. பிளேட்டில் குற்றமில்லை, என் வேலையிலும் குற்றமில்லை என்று எழுதினேன். பிறகு இருந்தவர்கள் பட்டியல். துரை, மறைப்புக்குப் பின்னால். பழனியப்பன், முக்காலியில். நல்லம்மாள், மேசை முன்னால். இராமலிங்கம், சுவிட்சுப் பக்கம்.

ஐந்தாவது: அய்யாவு, எக்ஸ்ரே தொழிலாளி. நோயாளியின் வலப்பக்கம், நின்றபடி.

கையெழுத்துப் போடும்போது பேனா ஆடவில்லை. மணிக்கட்டு மட்டும் சில்லென்று இருந்தது... நான் திரும்பிப் பார்க்கவில்லை.

உறையை ஒட்டி, அரக்கு உருக்கி முத்திரை வைத்தேன். மறுநாள் காலை 8.05-க்குத் தபால் பெட்டியில் போட்டேன்.