வத்சலா பதில் தட்டியபோது

என் ஏழு வயதுப் பெண் வத்சலா ஒருநாள் பாவாடையை நனைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். வெளியே போகவேண்டும் என்று டீச்சரிடம் கேட்கவில்லையாம். வீட்டில் எங்கள் கரமனைத் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி வாயடிக்கிற பெண்!

"வாயத் தொறந்து கேட்டா என்னடி கொறஞ்சு போயிடும்?" என்று தொடையில் கிள்ளினேன். அதுதான் நான் செய்த முதல் வைத்தியம்.

கூட்டிக்கொண்டுபோய்க் காட்டிய மலையாளி டாக்டர் அதை எலெக்டிவ் மியூட்டிசம் (வீட்டில் பேசும் குழந்தைக்கு வெளியே பயத்தில் தொண்டை அடைத்துக்கொள்வது) என்றார். "பிடிவாதமில்லே கேட்டோ. அவளால முடியலே."

இதற்கு மருந்து ஏது? டாக்டர் சனிக்கிழமைதோறும் இப்படிப்பட்ட பள்ளிக்குழந்தைகளை வட்டமாக உட்காரவைத்து கையால் தட்டுகிற சின்னக் கொட்டு ஆளுக்கொன்று கொடுத்தார். ஒருத்தர் தட்டினால் எதிரில் இருப்பவர் பதில் தட்டவேண்டும். பேச வேண்டாம். அம்மாக்கள் சுவரோரம் இருப்போம்.

பல வாரம் வத்சலா கொட்டைத் தொடவே இல்லை. ஒருநாள் லைலா என்ற மலையாளப் பெண் தட்ட, இவளும் தட்டினாள். லைலா சிரித்தாள். இவள் மறுபடி தட்டினாள். நான் சும்மா இருந்திருக்கலாம். பாட்டு கற்ற குடும்பம், தாளம் தப்பினால் பொறுக்குமா? என் தொடையில் தாளம் போட்டபடி, "ஆதி தாளம்டி! எண்ணிப் போடு!" என்று கத்திவிட்டேன்.

வத்சலா கொட்டைக் கீழே வைத்தாள்.

"இது கச்சேரியில்லே, மாமி. அவ பேசிண்டிருந்தா. நிங்கள் திருத்திட்டேள்," என்றார் டாக்டர். அடிப்பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன். அடுத்த வாரம் முதல் எனக்கு வராந்தா பெஞ்சுதான். உள்ளே கொட்டுச் சத்தம் கேட்கும். அதில் என் பெண்ணுடையது எது என்று தெரியாது. இவள் இனிமேல் யாரோடும் சேரமாட்டாளோ என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

மழைக்காலம் முடிகிற சமயம். லைலா வெளியே ஓடிவந்தாள். "மாமீ, வத்சலா சம்சாரிச்சு!"

பேசினாளா! "என்ன சொன்னா?"

அவள் தயங்கினாள். "அம்மா அகத்து வரண்டான்னு பறஞ்ஞு."

அம்மா உள்ளே வரவேண்டாம். என் பெண் வெளியுலகத்திடம் பேசிய முதல் பேச்சு. அழுகையும் சிரிப்புமாக, "வரலேன்னு சொல்லு, கண்ணு," என்றேன்.

உங்கள் வீட்டிலும் இப்படியொரு குழந்தை இருக்கலாம். என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். இப்போது வத்சலா பள்ளியில் சண்டைகூடப் போடுகிறாள். ஆனால் யாராவது ஏதாவது கேட்டால், பதில் வர நேரமாகும். அப்போது என் நாக்கு துடிக்கும், கை தானாக எழும்பும். கையைக் கையால் பிடித்துக்கொள்கிறேன். எவ்வளவு நேரம் என்று நான் எண்ணுவதில்லை.