பாய் வைத்த கண்

முப்பத்தொரு நீச்சல் குளம் கட்டிய அத்தாவுல்லா பாய்க்கு நீச்சல் தெரியாது. இடுப்பளவுத் தண்ணீரிலேயே சுவரைப் பிடித்துக்கொள்வார். அதைச் சொல்லி நான் அவரை ஓட்டாத நாளில்லை. நான் வில்பிரட், பிளம்பர். இரண்டு பேருக்கும் வீடு இரும்புலியூரில். பதினெட்டு வருடமாக அவர் கட்ட, நான் பைப் போட்டேன்.

நீந்தத் தெரியாதே தவிர, தரைக்கு அடியில் தண்ணீர் என்ன செய்யும் என்று அவருக்குத் தெரிந்த அளவு எந்த இன்ஜினியருக்கும் தெரியாது. மழைக்காலத்தில் எங்கள் பக்கம் நாலடி தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும். அப்போது போய்க் குளத்தைக் காலி செய்தால், கீழே இருக்கும் தண்ணீர் முட்டி மொத்தத் தொட்டியையும் தூக்கிவிடும். அதற்காகவே அடித்தரையில் ஓர் ஓட்டை விட்டு, பித்தளை மூடி போட்டு வைப்பார் பாய். அதற்கு அவர் வைத்த பெயர் கண். முழங்கால் அளவு தண்ணீர் இருக்கும்போது மோட்டாரை நிறுத்திவிட்டு, இறங்கிக் கண்ணைத் திறக்க வேண்டும். முட்டுகிற தண்ணீர் உள்ளே வந்துவிடும், தொட்டி அசையாது.

மாடம்பாக்கம் பொன்னுரங்கம் சார் வீட்டுக் குளம்தான் பாய் சொந்தமாக எடுத்த முதல் வேலை. பதினான்கு வருடமாக ஒரு சொட்டு ஒழுகியதில்லை. புதிதாகக் குளம் கட்ட யார் கேட்டாலும் பாய் வாயால் பெருமை பேச மாட்டார், அங்கே கூட்டிப்போய்க் காட்டுவார். அவருக்கு இருந்த பேர் முழுக்க அந்தக் குளத்தில்தான் இருந்தது.

போன கார்த்திகையில் சார் கூப்பிட்டார். வெளிநாட்டிலிருந்து பேரப்பிள்ளைகள் வருகிறார்களாம். ஆறடி ஆழத்தை நாலடி ஆக்க வேண்டும், டைல்ஸ் மாற்ற வேண்டும், மூலையில் அருவி மாதிரி தண்ணீர் விழ வேண்டும்.

"மழை வுடட்டும் சார். தை பொறந்ததும் ஆரம்பிக்கலாம்" என்றார் பாய்.

"பொங்கலுக்குப் பசங்க இங்க இருப்பாங்க பாய். அப்ப குப்பைக்குழி மாதிரி கிடக்கணுமா?"

மழை இரண்டு நாள் விட்டதும் எங்களை வரச் சொல்லிவிட்டார்.

அன்று வெள்ளிக்கிழமை. மதியம் பாய் தொழுகைக்குப் போயிருந்தார். நான் காலையிலிருந்தே மோட்டார் போட்டிருந்தேன். என் போன் கிடைக்கவில்லை என்று பள்ளிவாசலிலிருந்து சாரைக் கூப்பிட்டிருக்கிறார். சார் மாடியிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"வில்பிரட், கண்ணைத் திறந்துட்டுத் தண்ணி எடுக்கணுமாம், பாய் சொல்றார். நாம என்ன கண்ணை மூடிக்கிட்டா வேலை பார்க்கறோம்?"

சாருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தண்ணீர் முழங்காலுக்கு வந்திருந்தது, பச்சையாய், குடலைப் பிடுங்குகிற நாற்றத்தோடு. அதில் இறங்கிக் குந்தி, கையால் துழாவ வேண்டும். மாற்றுத் துணி எடுத்து வரவில்லை. பசி வேறு. நான் இருக்கிறேனே, சோம்பேறி நாய்.

"ஆமா சார். பாய் எப்பவும் அப்டித்தான், பயந்துகினே இருப்பாரு" என்றேன். மோட்டாரை ஓடவிட்டுச் சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்தபோது குளத்தின் ஒரு பக்கம் அரையடி மேலே எழும்பியிருந்தது. தரை குறுக்கே பிளந்து, பிளவில் கை நுழைந்தது.

பாய் வந்து விளிம்பில் நின்றார். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"பதினாலு வருஷமா ஏமாத்தியிருக்கீங்க" என்றார் சார். "அடியில பலமே இல்லை."

"கண்ணைத் தொறக்கச் சொன்னேனே சார்."

"திறந்துதான் வச்சிருந்தோம்" என்று தன் கண்ணையே தொட்டுக் காட்டினார் சார்.

பாய் என்னிடம் திரும்பினார். "இன்னாடா வில்பிரட்டு, சார் உன்னாண்ட இன்னா சொன்னாரு?"

"ஜாக்கிரதையா எடுன்னுதான் சொன்னாரு பாய். கண்ணுன்ற பேச்சே வரலியே."

"அதைத்தானே நானும் சொல்றேன்" என்றார் சார்.

அன்றைக்கே வட்டார வாட்ஸப் குழுவில் படம் போனது, பாய் பெயரோடு. கோவிலம்பாக்கத்தில் பேசி வைத்திருந்த இரண்டு குளமும் கை நழுவின. சார் மண்ணைக் கொட்டிக் குளத்தை மூடிப் புல் வளர்த்தார், பேரப்பிள்ளைகள் அதில் பந்து விளையாடினார்கள். அவருக்கு என்ன நஷ்டம். பாய் இப்போது பாத்ரூமுக்கு டைல்ஸ் ஒட்டுகிறார்.

போன வாரம் ஒரு வீட்டில் குழாய் வேலைக்கு என்னைத்தான் கூட்டிப்போனார். யார் இது என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"வில்பிரட்டு. பதினெட்டு வருஷமா நம்மகூட கீறான். மாடம்பாக்கத்துல மட்டும் இவனாண்ட சரியா சொல்லியிருந்தா, எந்தச் சாக்கடையா இருந்தாலும் எறங்கித் தொறந்திருப்பான்" என்றார் பாய்.

"அப்படியா?" என்று வீட்டுக்காரர் என்னைக் கேட்டார்.

"ஆமா சார்" என்றேன்.